தந்தி வாத்தியம் செய்யப் புகுவோருக்கு

என் இளமையில் எங்கள் வீட்டுப் பின்புறம் நின்ற பலாமரம் ஒன்று சாய்ந்தது. தஞ்சாவூர் வீணை பலாமரத்தில் செய்யப்படுவது. மலாய்க்காரர்களின் கம்புஸ் வாத்தியத்தையும் பலாவில் குடைவதுண்டு. இதைக் கேள்விப்பட்டிருந்த நான், அந்தப் பச்சை மரத்திலேயே ஒரு வாத்தியம் செய்தேன். இரண்டே மாதத்தில் கழுத்து முறுக்கிக்கொண்டது, மேற்பலகை பிளந்தது. குற்றம் பலாவினுடையதன்று, என் அவசரத்தினுடையது.

ஆகவே, மரத்தின் பெயரைவிட அதன் உலர்ச்சியே முக்கியம். ஈரம் வற்றும்போது மரம் சுருங்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்காததால்தான் கோணுகிறது, வெடிக்கிறது. பச்சை மரத்தைப் பலகையாக அறுத்து, இரு முனைகளிலும் சாயம் பூசி, இடையிடையே குச்சிகள் வைத்து, வெயிலும் மழையும் படாத காற்றோட்டமான இடத்தில் அடுக்குங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு பிடிக்கும். மாதம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள்.

காத்திருக்க இயலாதவர்கள் தளவாடப் பட்டறையில் கழித்த துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள். அங்குள்ள பால்மரப் பலகை மருந்தேற்றி உலர்த்தியது. தோட்டத்தில் வெட்டிப் போட்ட பால்மரத்தை அப்படியே எடுக்காதீர்கள். பூஞ்சணமும் வண்டும் விரைவில் பற்றும். செம்பனைத் தண்டு நார்ப்பாங்கானது, இதற்கு உதவாது. கழுத்துக் கட்டையில் ரேகைகள் முனைக்கு முனை நேராக, கணுவின்றி ஓட வேண்டும். தந்தியின் இழுப்பைத் தாங்குவது அதுதான்.

இனி, தச்சுக் கருவிகள். பெட்டி நிறைய வாங்க வேண்டாம். பல் நெருங்கிய சிறு ரம்பம், அரை அங்குல உளி, சிறிய இழைப்புளி, அரம், மூலைமட்டம், ஒட்டியதை இறுக்கிப் பிடிக்க இரண்டு கிளாம்பு போதும். மிச்சப் பணத்தில் நல்ல தீட்டுக்கல் வாங்குங்கள். மழுங்கிய உளியைத்தான் பலங்கொண்டு தள்ளுவோம். அது வழுக்கிக் கையைக் கிழிக்கும். கட்டையைப் பிடிக்கும் கை எப்போதும் உளியின் வாய்க்குப் பின்னால் இருக்கட்டும்.

முதல் வாத்தியத்துக்கு ஒற்றைத் தந்தியே போதும். மெல்லிய பலகைப் பெட்டி ஒன்று, நேரான கழுத்து, ஒலிக்கும் தந்தியின் நீளம் 60 சென்டிமீட்டர். சரிபாதியில் அழுத்தினால் மேல் ஸட்ஜமம் பேசும். 40 சென்டிமீட்டர் ஒலிக்கும்படி அழுத்தினால் பஞ்சமம் பேசும். உங்கள் பிள்ளைகள் கணக்கையும் சங்கீதத்தையும் ஒன்றாகக் கற்பார்கள்.

அன்று மிஞ்சிய பலாத்துண்டு ஒன்றை என் தந்தையார் பரணில் போட்டு வைத்திருந்தார். சில ஆண்டுகள் கழித்து அதில் செய்த வாத்தியம் இன்றும் கோணவில்லை.