பங்கு என்னும் சொல்



பங்கு மக்கள், பங்குக் கோயில், பங்குப் பேரவை என்று நாள்தோறும் சொல்லுகிறோம். ஜூபிலி கொண்டாடும் இந்நாளில் அந்தச் சிறிய சொல்லைச் சற்றே சிந்திப்போம்.

தமிழில் பங்கு என்றால் பாகம், உரிமை. சொத்தில் உரிமையுள்ளவன் பங்காளி. மலையாளக் கத்தோலிக்கர் பங்கை 'இடவக' என்பர். போர்த்துக்கீசியர் வழங்கும் சொல்லுக்கோ 'திருச்சபையின் பிள்ளை' என்பது மூலப் பொருள்.

ஆங்கிலேயரின் 'பாரிஷ்' லத்தீன் வழியாகக் கிரேக்க 'பரோய்க்கியா'விலிருந்து வந்தது. 'பாரா' என்றால் அருகே. 'ஓய்க்கோஸ்' என்றால் வீடு. 'பரோய்க்கோஸ்' என்பவன் யார்? ஊரிலே குடியிருந்தும் ஊர்க்காரன் என்ற உரிமை இல்லாதவன், வந்தேறி. அர்ச். இராயப்பர் தமது முதல் நிருபத்தில் விசுவாசிகளை இந்தச் சொல்லாலேயே அழைக்கிறார்.

ஜூபிலியும் இதற்கு உறவே. ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் முழக்கி, கைமாறிய காணியை உரியவரிடம் திருப்பிக் கொடுக்கும்படி லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. நிலம் தம்முடையது, மக்களோ தம்மிடம் வந்து தங்கியிருப்பவர்கள் என்று ஆண்டவர் அங்கே காரணமும் சொல்லுகிறார். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அவ்விடத்தில் நிற்பதும் இதே 'பரோய்க்கோஸ்' என்னும் சொல்தான்.

நமக்கு இது புரியாத சேதியல்ல. 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழும்பிற்று. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965-இல் விஜயந்தா டாங்கி உருவாகி வெளிவந்தது. அந்நாட்களில் வேலை தேடி டிரங்குப் பெட்டியோடு இங்கே வந்து இறங்கியவர்கள்தாம் நம்மில் பலருடைய பெற்றோர். அன்று அவர்கள் வந்தேறிகள். இன்று நாம் பங்காளிகள்.

இன்றோ ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இளைஞர் இப்பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வருகிறார்கள். ஞாயிறு பூசையில் கடைசி வரிசையில் நிற்கிறார்கள். "அவர்கள் நம் பங்கில்லை, சந்தாப் புத்தகத்திலே பெயரில்லை" என்ற பேச்சும் நம்மிடையே எழுகிறது.

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் சொல்வதைக் கேளுங்கள். ஒரு பங்கின் எல்லைக்குள் மூன்று மாதம் தங்கியவருக்கு அந்தப் பங்கின் குருவே சொந்தப் பங்குத்தந்தை. எங்குமே நிலையான இருப்பிடம் இல்லாதவருக்கும், அப்போது தங்கியிருக்கும் இடத்தில் பங்குத்தந்தை உண்டு. இதைத் தீர்மானிக்கச் சட்டம் இருப்பிடத்தைத்தான் கேட்கிறது; ரசீதைக் கேட்கவில்லை.

ஆகவே இந்த ஜூபிலி ஆண்டிலே, அன்பியத்துக்கு இருவராகக் குடும்பப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு, வாடகை அறைகளின் படியேறுவோம். பெயரையும் ஊரையும் கேட்டு எழுதுவோம். அவர்கள் மொழியில் மாதம் ஒரு வாசகமாவது பூசையில் ஒலிக்கப் பங்குத்தந்தையிடம் விண்ணப்பிப்போம். அசனத்தன்று அவர்களை நம் பந்தியில் அமர்த்துவோம்.

பங்கு என்ற சொல்லின் இரு பொருளும் அன்றைக்கு ஒன்றாகும். ஆண்டவர் நம் பங்கை ஆசீர்வதிப்பாராக.