பள்ளம் தோண்டும் முன் வரைபடத்தைக் கேளுங்கள்

(முத்தாபுதுப்பேட்டையில் இளைஞர்கள் நடத்திய தெருமுனைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாக்கடைக் குழாயைப் பற்றிப் பேச ஆராய்ச்சி மாணவி எதற்கு என்று வரும்போதே ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். மூன்று வருடமாக நான் படித்துக்கொண்டிருப்பதே அந்தக் குழாய்களின் வரைபடங்களைத்தான்.

ஆவடி 2019-இல் மாநகராட்சி ஆனது. பெயர்ப்பலகை ஒரே நாளில் மாறிவிடும், மண்ணுக்கடியில் இருப்பது மாறாது. குடிநீருக்கு ஒரு பள்ளம், பாதாளச் சாக்கடைக்கு ஒரு பள்ளம், மின்சாரக் கேபிளுக்கு இன்னொன்று. கடைசியில் மேலே தார். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். சுரண்டாமல் போட்டால் ரோடு வாசற்படிக்கு மேலே ஏறிவிடும். முதல் மழையில் யார் வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கழிவுநீர் சரிவில் ஓடும். தாழ்வான இடத்தில் சேர்த்து, பம்ப் வைத்து மேலே தூக்கி அனுப்புவார்கள். இதில் சாதி எங்கே என்று கேட்பார்கள். ஊரின் தாழ்வான இடத்தில் யாரைக் குடிவைத்தார்கள்? ஊர்க்கழிவு முழுக்கச் சேரி ஓரம் வந்து சேரும், சேரி வீட்டுக்கு மட்டும் இணைப்பு இருக்காது. ஏன் என்று ஓர் அலுவலகத்தில் கேட்டேன். "அங்க பட்டா இல்லைம்மா" என்றார்கள். பம்ப் ஹவுஸ் கட்ட மட்டும் அந்த நிலம் போதுமாம்!

அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தின் ஜேன்ஸ்வில் நகரத்தை ஒட்டி கோல் ரன் என்றொரு குடியிருப்பு. கறுப்பின மக்களுக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் குழாய்த்தண்ணீர் கொடுக்கவில்லை. வழக்குப் போட்டார்கள். குழாய் எந்த வீடு வரை போகிறது, அந்த வீட்டில் இருப்பவர் யார் என்று வரைபடத்தில் குறித்து நீதிமன்றத்தில் வைத்தார்கள். 2008-இல் கிட்டத்தட்ட 1 கோடியே 10 லட்சம் டாலர் இழப்பீடு தர ஜூரி சொன்னது.

இன்னொரு விஷயம் இதைவிடக் கொடியது. அடைப்பெடுக்கும் லாரி நுழையாத தெருவில் மேன்ஹோல் அடைத்தால், மனிதனை இறக்குவார்கள். 2013 சட்டம் இருக்கிறது. ஆனால் அது தடுப்பது பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவதை. அந்த ஓட்டை வழியாகத்தான் கான்ட்ராக்டர்கள் தப்பிக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் இதே ஆவடியில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி சாக்கடைக்குள் இறந்தார். இப்படி இறந்தால் 30 லட்சம் தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பணத்தை வாங்கித் தருவதற்கா நாம் இயக்கம் நடத்துகிறோம்?

தெரு எத்தனை அடி, மேன்ஹோல் எவ்வளவு ஆழம், அங்கே எந்த இயந்திரம் போகும் என்பதெல்லாம் எஸ்டிமேட்டிலேயே முடிவாகிறது. குறுகலான தெருவுக்குச் சின்ன இயந்திரம் வேண்டும் என்று அப்போதே எழுத வைக்க வேண்டும். குழாய் புதைந்த பிறகு மனு கொடுத்துப் பயனில்லை.

2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் ஏரியா சபை கூட்டுகிறார்கள். கவுன்சிலர்தான் தலைமை. அடுத்த கூட்டத்துக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். பட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா வீட்டையும் குறித்து, தெரு அகலத்தை டேப் பிடித்து அளந்து, நாமே ஒரு படம் வரைந்து கொண்டுபோவோம். அவர்கள் படத்தையும் மேசைமேல் வைக்கச் சொல்வோம்.

டேப் என்னிடம் இருக்கிறது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறும் முன், கடைசித் தெருவிலிருந்து ஆரம்பிக்கலாம்.