ஏடும் எழுத்துருவும்



தில்லையில் செல்லரித்த ஏடுகளிடையே தேவாரம் மீண்டதை நம் மரபு போற்றுகிறது. கணிப்பொறியிலும் அத்தகைய மீட்பு ஒன்று நிகழ்ந்தது.

1980களின் வீட்டுக் கணிப்பொறிகள் தமிழ் அறியாதவை. கனடாவில் சீனிவாசன் 'ஆதமி'யையும், மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' செயலியையும், பின்னர்ச் சுவிட்சர்லாந்தில் வேதியியல் அறிஞர் கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவையும் தம் ஆர்வத்தால் ஆக்கினர்.

ஆயினும் ஒருவர் விடுத்த தமிழ் மற்றவர் திரையில் பொருளற்ற குறிகளாய்ச் சிதைந்தது. ஒரே எழுத்துக்கு ஒவ்வோர் எழுத்துருவும் வெவ்வேறு எண் தந்ததே காரணம். ஆர்வலர்கள் மின்னஞ்சலில் வாதிட்டுத் 'திஸ்கி' என்னும் பொதுக் குறியீட்டை வகுத்தனர். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. அன்பர்கள் வீட்டிலிருந்தே தட்டெழுதிய நூல்களை இன்று எவரும் இலவசமாகப் படிக்கலாம்.

கவிஞர்களே, பழைய எழுத்துருக்களில் உறங்கும் உங்கள் கவிதைகளை ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள். குறியீடு மறக்கப்படுதலும் ஒருவகைச் செல்லரிப்பே.