போர்வையும் தெரு நாயும்

தில்லியின் மார்கழிக் குளிரில் கம்பளியைத் தலையோடு போர்த்துப் பால் வாங்கச் செல்லும் நம்மவரைக் கண்டு, நாள்தோறும் வாலாட்டும் தெரு நாயே குரைக்கிறது. நன்றி கெட்டதென்று அதனை வைகிறோம். நாயின் கண் உருவ நுட்பத்தைவிட அசைவையே நன்கு அறியும். ஆளை உறுதி செய்வது மூக்கு. உருவமும் நடையும் மாறி, நம் வாடையும் எட்டாதபோது அதற்கு நாம் அயலாரே. அப்போது ஓடலாகாது, ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு. கோலை ஓங்குவது அதனினும் கேடு. அசையாது நின்று, முகத்தை மூடிய துணியை விலக்கி, வழக்கமான குரலில் இரண்டு சொல் பேசினால் பெரும்பாலும் அடங்கிவிடும். தமிழிலேயே பேசலாம், அதற்கு மொழிப் பூசல் இல்லை. மீறிக் கடித்துவிட்டால், மிளகாய்ப் பொடி அப்பாமல், சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி போட்டுக்கொள்க. வெறிநோயின் அறிகுறி தோன்றிய பின் உயிர் பிழைப்பது மிக அரிது.