ஆவுரிஞ்சு தறி: பண்ணை விலங்குக் காப்பகமும் விலங்கு நலனும்



தமிழ் மரபு போற்றும் முப்பத்திரண்டு அறங்களை நீங்கள் அறிவீர்கள். தண்ணீர்ப் பந்தல் வைத்தல், சோலை வளர்த்தல் போன்றவற்றோடு, பசுவுக்கு வாயுறை அளித்தலும் விலங்கிற்கு உணவிடுதலும் அப்பட்டியலில் உள்ளன. அவற்றுள் என் நெஞ்சைப் பெரிதும் கவர்ந்தது ஆவுரிஞ்சு தறி நாட்டல். மேய்ச்சல் நிலத்திலும் நீர்நிலையின் அருகிலும் ஒரு கல்லையோ மரத்தூணையோ நட்டுவைப்பார்கள். வழியே செல்லும் மாடு அதில் உடலை உராய்ந்து தன் தினவைத் தீர்த்துக்கொள்ளும்.

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். உணவிட்டால் மாடு உழைக்கும், பால் தரும். ஆனால், அதன் முதுகு அரிப்பைத் தீர்ப்பதால் மனிதனுக்கு என்ன ஊதியம்? ஒன்றுமில்லை. பசியைத் தவிரவும் மாட்டிற்குத் தேவைகள் உண்டு என்பதைக் கூர்ந்து நோக்கிக் கண்டறிந்த ஒருவரே இவ்வறத்தை வகுத்திருக்க வேண்டும். விலங்கிடம் காட்டும் இரக்கம், அவ்விலங்கைப் பற்றிய அறிவாக வளர வேண்டும் என்பதே இன்றைய என் உரையின் மையக் கருத்து.

மேலை நாட்டில் இதே சிந்தனை வேறொரு வழியில் பிறந்தது. 1964ஆம் ஆண்டில் ரூத் ஹாரிசன் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி, தொழிற்சாலை முறையில் விலங்குகள் வளர்க்கப்படும் நிலையை ஒரு நூலாக எழுதினார். நாட்டில் எழுந்த அதிர்ச்சியால் பிரிட்டிஷ் அரசு பிராம்பெல் என்பார் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, தன் உடலைத் தானே பேணிக்கொள்ள, கைகால்களை நீட்ட ஒவ்வொரு விலங்கிற்கும் இடம் வேண்டுமென்று 1965இல் அக்குழு கூறியது. பசி தாகமின்மை, வசதிக் குறைவின்மை, வலியும் நோயுமின்மை, இயல்பான நடத்தைக்குத் தடையின்மை, அச்சமும் துயருமின்மை என்னும் ஐந்து விடுதலைகள் இதன் அடியாகவே பின்னர் உருப்பெற்றன. நம் முன்னோர் நட்ட தறி, நான்காம் விடுதலைக்கு ஓர் எடுத்துக்காட்டன்றோ!

பண்ணை விலங்குகளுக்கான காப்பகம் என்னும் எண்ணம் அமெரிக்காவில் 1986இல் வலுப்பெற்றது. பென்சில்வேனியா மாநிலத்துக் கால்நடைச் சந்தை ஒன்றில், இறந்த விலங்குகளின் குவியலில் ஓர் ஆடு உயிரோடு கிடந்தது. ஜீன் பாவரும் அவருடைய தோழர்களும் அதை மீட்டு, ஹில்டா எனப் பெயரிட்டனர். அவ்வாடு அதன்பின் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தது. 'ஃபார்ம் சேங்சுவரி' என்னும் காப்பகத்தின் முதல் குடி அதுவே. விலங்கை உண்ணவோ விற்கவோ கறக்கவோ வளர்க்காமல், அதன் ஆயுள் முடியும்வரை பேணுவதே இத்தகைய காப்பகத்தின் நோக்கம்.

நம் நாட்டிலும் இதற்கான தேவை உண்டு. தோட்டப்புறத்தில் லயத்தின் பின்னால் மாட்டுக் கொட்டிலும் ஆட்டுப் பட்டியும் இருந்த காலத்தை மூத்தோர் அறிவர். தோட்டங்கள் கைமாறி, மேய்ச்சல் நிலம் வீடமைப்புப் பகுதியாக மாறியபோது மனிதர்கள் நகர்ப்புற அடுக்கக வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். மாடுகளை உடன் அழைத்துச் செல்ல இயலவில்லை. அப்படி ஆதரவிழந்த கால்நடைகள் சிலவற்றை ஏற்றுக்கொண்டதே எங்கள் குடும்பக் காப்பகத்தின் தொடக்கம். இன்று அங்கே மூன்று மாடுகளும் பதினொரு வெள்ளாடுகளும் சில கோழிகளும் வாழ்கின்றன.

காப்பகம் நடத்துதல் அன்பால் தொடங்கலாம். ஆனால், கணக்கால்தான் நிலைக்கும். மாடு ஒன்று தன் உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பச்சைப் புல்லை நாள்தோறும் உண்ணும். 400 கிலோ எடையுள்ள மாட்டிற்கு நாளொன்றுக்கு 40 கிலோ புல் வேண்டும். ஓராண்டிற்கு 14 டன்னுக்கும் மேல். நன்கு பேணினால் மாடு இருபது ஆண்டுகள் வாழக்கூடும். ஆகவே, ஆறு வயது மாட்டிற்கு வாயிற்கதவைத் திறப்பவர் அடுத்த பதினான்கு ஆண்டுகளுக்கு வாக்குக் கொடுக்கிறார். புல், குளம்பு சீவுதல், குடற்புழு மருந்து, கால்நடை மருத்துவர் கட்டணம் யாவும் அவ்வாக்கில் அடங்கும்.

எனவே, "இடமில்லை" என்று சொல்லும் உறுதி காப்பகத்தாருக்கு வேண்டும். அச்சொல்லைக் கூறும்போது மறுமுனையில் ஓர் உயிர் நிற்கிறது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆயினும், பத்து உயிர்களுக்கான கொட்டிலில் முப்பது உயிர்களை அடைத்தால், புகலிடமே துன்பக் கூடமாகிவிடும். இனப்பெருக்கத்திற்கு இடமளிக்காமையும் இக்காரணம் பற்றியதே. 'விலை கொடுத்து உயிர் காத்தல்' என்பதும் நம் முப்பத்திரண்டு அறங்களுள் ஒன்று. ஆனால், இன்றைய சந்தையில் ஒரு காளையை விலை கொடுத்து மீட்டால், அப்பணமே அடுத்த காளையை அங்குக் கொண்டுவந்து நிறுத்தும். அதனால்தான் பல காப்பகங்கள் விலைக்கு வாங்குவதில்லை. அறத்தின் நோக்கம் மாறவில்லை. அதை நிறைவேற்றும் வழியை நாம் மறுபடியும் சிந்திக்க வேண்டியுள்ளது.

அறிவில்லாத இரக்கம் தீங்கும் செய்யும். காப்பகத்திற்கு வருவோர் ரொட்டியும் சோறும் கொணர்வார்கள். அசைபோடும் விலங்காகிய ஆடு அவற்றை மிகுதியாக உண்டால், முதல் இரைப்பையில் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்து நேரும். இறைச்சிக் கோழி ஐந்தாறு வாரங்களில் எடை கூடுமாறு வளர்த்தெடுக்கப்பட்ட இனம். அதற்கு விரும்பும் அளவெல்லாம் தீனியிட்டால் தன் எடையைத் தன் கால்களாலேயே தாங்க முடியாது தவிக்கும். நம் காடுகளில் வாழும் காட்டுக்கோழி ஆண்டிற்குப் பத்துப் பதினைந்து முட்டைகளே இடுவது வழக்கம். பண்ணைக் கோழியோ முந்நூறு வரை இடுகிறது. அதன் உடலில் மனிதன் ஏற்றிய சுமை அது. அச்சுமையை அறிந்து பேணுவதே உண்மையான அருள்.

'வாயில்லாச் சீவன்' என்கிறோம். இரக்கத்தால் பிறந்த சொல்லாயினும், கேட்க ஒன்றுமில்லை என்னும் எண்ணத்தை அது விதைத்துவிடுகிறது. தன் வலியை மறைத்துக்கொள்வது ஆட்டின் இயல்பு. ஆயினும் அசைபோடுவது நின்றுவிட்டதா, மந்தையிலிருந்து விலகி நிற்கிறதா, ஒரு காலைத் தரையில் ஊன்றத் தயங்குகிறதா என்று நோக்குபவருக்கு அது பேசிக்கொண்டேயிருக்கிறது.

மலேசியச் சட்டமும் இன்று இக்கடமையை வலியுறுத்துகிறது. 2015இல் இயற்றப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்த விலங்குநலச் சட்டம், விலங்கின் தேவைகளை நிறைவு செய்யும் பொறுப்பை அதன் உரிமையாளர்மேல் சுமத்துகிறது. கொடுமை இழைப்போருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பால் மாடு வளர்ப்பவருக்கும் கோழிப் பண்ணை நடத்துபவருக்கும் இது பொருந்தும். விலங்கு நலன் என்பது காப்பகத்தார்க்கு மட்டும் உரியதன்று. விலங்கால் பயன் பெறும் ஒவ்வொருவர்க்கும் உரிய கடமை.

இறுதியாக, ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். ஆரம்பப் பள்ளியில் பசுவைப் பற்றிக் கட்டுரை எழுதாத தமிழ் மாணவர் இலர். பசு பால் தரும், சாணம் எருவாகும், தோல் செருப்பாகும் என்றே அக்கட்டுரை பெரும்பாலும் செல்லும். பசு நமக்கு என்ன தரும் என்று கேட்டுப் பழகிய நாம், பசுவுக்கு என்ன வேண்டும் என்றும் ஒருமுறை கேட்போம். மாணவர் அவ்வினாவிற்கு விடை எழுத வேண்டுமாயின், ஒரு மாட்டின் அருகில் சென்று அரைமணி நேரமாவது அமைதியாக நின்று காணவேண்டும். அது எங்கே உராய்கிறது, எப்போது படுக்கிறது, எதைக் கண்டு மருள்கிறது என்று அவர் குறித்து வரட்டும். ஆவுரிஞ்சு தறியை நாட்டியவர் செய்ததும் அதுவே.