திரையிற் பறக்கும் விமானம்



கணினியின் முன் அமர்ந்து விமானம் ஓட்டும் விளையாட்டைப் பற்றி உங்களோடு சில நிமிடங்கள் பேச விரும்புகின்றேன். விளையாட்டு என்றதும் சிறுவர் பொழுதுபோக்கு என எண்ணிவிடாதீர்கள். ஓய்வுபெற்ற விமானிகளும், விமானியாக விரும்பி அது கைகூடாமற் போன நடுவயதினரும் மணிக்கணக்காக இதில் ஈடுபட்டிருக்கின்றனர். அவர்கள் கூடினால் ஓயாது வாதிடும் பொருள் ஒன்று உண்டு. எந்த விளையாட்டு மெய்யான விமானத்தை ஒத்திருக்கின்றது என்பதே அது. எளிய வினாப்போலத் தோன்றும். ஆனால் எதில் ஒத்திருக்கவேண்டும் என்று திருப்பிக் கேட்டுவிட்டால் விடை அவ்வளவு எளிதன்று.

இத்துறையின் முன்னோடி எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர். நியூ யோர்க் மாநிலத்துப் பிங்ஹாம்ரன் நகரில் அவருடைய தந்தையார் ஓர்கன் வாத்தியங்கள் செய்யும் தொழிற்சாலை நடத்தினார். அவ்வாத்தியங்களுக்கு மூச்சூட்டும் துருத்திகளையே மைந்தர் எடுத்தார். அவற்றை ஒரு சிறு பெட்டியின் அடியிற் பொருத்தி, உள்ளிருப்பவர் தண்டை அசைக்குந்தோறும் சாய்ந்தும் நிமிர்ந்தும் திரும்பியும் ஆடும் பொய்விமானம் ஒன்றை 1929 ஆம் ஆண்டளவில் ஆக்கினார். முதலில் அதனைக் களியாட்டத் திடல்களே வாங்கின. 1934 ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவம் விமானத் தபாற் சேவையைப் பொறுப்பேற்றது. சில வாரங்களுக்குள் மோசமான வானிலையிற் பல விமானிகள் மடிந்தனர். அதன் பின்னரே இராணுவம் ஆறு லிங்க் யந்திரங்களை வாங்கிற்று.

அந்த யந்திரத்தில் மலையுமில்லை, கடலுமில்லை. மூடியை மூடினால் இருளும் சில மானிகளுமே மிஞ்சின. ஆயினும் அவர்களுக்கு வேண்டிய மெய்ம்மை அதில் இருந்தது. முகிலுக்குள் நுழைந்த விமானிக்கு உடல் பொய் சொல்லும். விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருக்குமாயின், ஏறக்குறைய இருபது வினாடிகளில் உட்செவியில் உள்ள நீர்மம் நிலைகொண்டுவிட, நேராகச் செல்வதாகவே அவருக்குத் தோன்றும். உடலை நம்பாது மானியை நம்பப் பழக்குவதற்கு இருட்டறையே போதுமானதாயிருந்தது.

கணினிக்கு வருவோம். இலினோய் பல்கலைக்கழகத்தில் 1975 இல் இப்பொருள்பற்றி ஆய்வேடு எழுதிய புரூஸ் ஆட்விக் என்பவர், 1980 ஆம் ஆண்டில் அப்பிள் கணினிக்கு ஒரு விளையாட்டை ஆக்கினார். நிலமென்பது அதில் வெறுங் கோடுகளின் வலை. 1982 இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் பெயரில் அவருடைய விளையாட்டு மீண்டும் வெளிவந்தது. அதன் வழிவந்த 2020 ஆம் ஆண்டுப் பதிப்போ, செய்மதிப் படங்களையும் உலகத் தேசப்படத் தரவுகளையும் கொண்டு பூமி முழுவதையும் திரையில் விரித்தது. அவ்வாண்டு அவுஸ்திரேலியாவின் மெல்போண் நகர்ப்புறத்தில், தாழ்ந்த வீடுகளின் நடுவே 212 மாடிக் கோபுரமொன்று ஊசிபோல் எழுந்து நிற்பதைப் பறந்தவர்கள் கண்டனர். தேசப்படத்தில் இரண்டு மாடி என்று குறிக்கவேண்டிய இடத்தில் யாரோ ஒருவரின் விரல் தவறியதன் விளைவு அது! எல்லாரும் அதனைச் சுற்றிப் பறந்து சிரித்தனர். காட்சியிற் பிழை நேர்ந்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். ஆகவே அப்பிழையால் பெருந் தீங்கில்லை.

தீங்கு விளைப்பது வேறொரு பிழை. தண்டை இழுத்தால் விமானம் எவ்வளவு விரைவில் மூக்கை உயர்த்தும்? வேகம் குன்றி, இறக்கை தன் தூக்குவிசையை இழக்கும் வேளையில் எப்பக்கம் விழும்? இவற்றைக் கணிக்கும் முறைகள் பல. முன்னரே அளந்த எண்களை அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்று. எக்ஸ்-பிளேன் என்னும் விளையாட்டுச் செய்வதுபோல இறக்கையைச் சிறு துண்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின்மீதும் தாக்கும் விசையை வினாடிக்குப் பல தடவை கணிப்பது மற்றொன்று. எம்முறையாயினும் ஓர் எல்லையுண்டு. மெய்யான விமானத்தைப் பறக்கவிட்டு அளந்த நிலைமைகள் வரையிலேதான் கணக்கை உறுதியாக நம்பலாம். அதற்கு அப்பால் யந்திரம் கூறுவது ஊகம். ஆனால் அந்த ஊகத்தையும் அது அதே துணிவோடு, அதே அழகிய காட்சியோடு காட்டுகின்றது. "இனி எனக்குத் தெரியாது" என்று எந்தத் திரையும் சொல்வதில்லை. இவ்விளையாட்டுக்களில் நான் காணும் பெருங்குறை இதுவே.

வீட்டு விளையாட்டில் அதனால் உயிர் போகாது. பெருஞ்செலவிற் செய்த பயிற்சி யந்திரங்களிலும் இக்குறை இருந்தது என்பதை எண்ணும்போதுதான் அச்சம் பிறக்கின்றது. 2001 நவம்பர் 12 ஆம் நாள் நியூ யோர்க்கிலிருந்து புறப்பட்ட ஏயார்பஸ் ஏ300 விமானமொன்று, முன்சென்ற பெரிய விமானம் விட்டுச்சென்ற காற்றுச் சுழலிற் சிக்கிற்று. துணைவிமானி சுக்கான் மிதிகளை இடமும் வலமுமாக மாறி மாறி வன்மையாக மிதித்தார். வாலின் செங்குத்துச் செட்டை முறிந்து வீழ்ந்தது. தரையிலிருந்த ஐவரையுஞ் சேர்த்து 265 பேர் மாண்டனர். விசாரணை செய்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, மிதித்த காலையும் எளிதில் மிகை அசைவு தந்த சுக்கான் அமைப்பையும் மட்டும் குறைகூறவில்லை. விமானக் கம்பனியின் பயிற்சியையும் சுட்டிற்று. பயிற்சி யந்திரத்திற் காட்டிய காற்றுச் சுழல், விமானத்தைத் தொண்ணூறு பாகைக்கும் மேலாகப் புரட்டுவதாக அமைக்கப்பட்டிருந்தது. விமானியின் கையசைவு சிறிது நேரம் பயன்தராதபடியும் செய்திருந்தனர். இத்தகைய பயிற்சி, காற்றுச் சுழலைப்பற்றி மிகையான எண்ணத்தை அவர் மனத்தில் விதைத்திருக்கக்கூடும் என்பது சபையின் கருத்து. மெல்போண் கோபுரத்தைப் போல இதனைப் பார்த்துச் சிரிக்க எவருமில்லை. பிழை கண்ணுக்குத் தெரியவில்லை. கைகால்களின் பழக்கமாக உள்ளே போய்விட்டது.

எனவே, ஒரு விளையாட்டு மெய்யானதா என்று என்னைக் கேட்பவர்களிடம், முகிலின் அழகையும் நீரின் பளபளப்பையும் விட்டுவிட்டு, அது உங்கள் கைக்கு எதைப் பழக்குகின்றது என்று பாருங்கள் என்பேன். திசைகாட்டும் வானொலி நிலையங்களைப் பின்பற்றுதல், புறப்படுமுன் செய்யும் சோதனைகளின் ஒழுங்கு, மானிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணால் வருடுதல் ஆகியவற்றை வீட்டுக் கணினி நன்றாகவே கற்பிக்கின்றது. லிங்க் பெட்டியின் பிள்ளை அல்லவா! அறுபது பாகை சாய்ந்து, உயரம் குறையாமல் திரும்பும் விமானத்தில் உடலின் பாரம் இருமடங்காகும். அதை நம் வீட்டு நாற்காலி தராது. தரையிறங்கும் கணத்தில் இருக்கையினூடாக உணரும் அதிர்வையும் தராது.

விளையாட்டில் நெடுநாட் பழகியபின் மெய்யான விமானத்தில் ஏறும் மாணாக்கரிடம் பயிற்சியாளர்கள் காணும் குறையொன்று உண்டு. அவர்கள் கண்ணை மானிகளிலிருந்து எடுப்பதில்லை. வெளியே தொடுவானம் தெளிவாகத் தெரியும். எதிரே வேறு விமானமும் வரக்கூடும். அவர்களோ ஊசிமுனையைத் துரத்திக்கொண்டிருப்பார்கள். அப்போது பயிற்சியாளர் ஒரு காகிதத்தை எடுத்து மானிகளை மூடிவிட்டு, வெளியே பார்த்து ஓட்டச் சொல்வதுண்டு.