முடிச்சுக் கணக்கில் பறக்கும் விமானம்

(வட்டார வள மையப் பயிற்சியில் ஆற்றிய உரை)



நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். ஏழாம் வகுப்புத் தேர்வில், 'வேகத்தின் அலகு ஒன்றைக் கூறுக' என்று கேட்டிருந்தேன். மீனவர் குடியிருப்பிலிருந்து வரும் மாணவன் ஒருவன் 'நாட்' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்துவிட்டேன். "எங்கப்பா போட்டுல அப்படித்தான் சார் காட்டும்" என்றான். "புத்தகத்தில் இருப்பதை எழுது" என்றேன். அதன்பின் அவன் என் வகுப்பில் கை தூக்கவே இல்லை.

விமானங்களைப் பற்றி ஒருநாள் படித்தபோதுதான் உறைத்தது. விமானிகளும் வேகத்தை 'நாட்' கணக்கில்தான் சொல்கிறார்கள். அதன் பொருள் முடிச்சு. பாய்மரக் கப்பல் காலத்தில், கயிற்றில் கட்டிய பலகையைக் கடலில் விடுவார்கள். கயிற்றில் சுமார் 14.4 மீட்டருக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணல் கடிகாரம் வடிவதற்குள் எத்தனை முடிச்சு கையை விட்டு ஓடுகிறதோ, அதுவே கப்பலின் வேகம். 14.4ஐ 28ஆல் வகுத்து, 3.6ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 1.85 வரும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ. கடல் மைல் ஒன்று, அட்சரேகையில் ஏறக்குறைய ஒரு கலை அளவு. வரைபடத்தில் தூரம் பார்க்க எளிது என்பதால் விமானத்துறையும் அதை விடவில்லை.

விமானத்தின் இடப்பக்கம் 'போர்ட்', வலப்பக்கம் 'ஸ்டார்போர்ட்'. இவையும் கப்பல் சொற்களே. பழைய கப்பல்களில் திசைதிருப்பும் துடுப்பு வலப்பக்கம் இருந்ததால், இடப்பக்கத்தைத் துறையோடு அணைத்தார்கள். நாமும் பெரும்பாலும் இடப்பக்கக் கதவு வழியாகவே விமானம் ஏறுகிறோம். 'செய்தி கிடைத்தது' என்பதற்கு 'ரோஜர்' என்கிறார்கள். அது 'ஆர்' எழுத்துக்கு முன்பு வானொலியில் வழங்கிய பெயர். பின்னர் அவ்வெழுத்துக்கு 'ரோமியோ' வந்தது; ஆனாலும் 'ரோஜர்' போகவில்லை. நம் 'விமானம்' மட்டும் என்ன? கோயில் கருவறை மேல் நிற்பதற்கும் அதே பெயர்தானே!

மறுநாள் வகுப்பில், "உன் விடை சரி. தவறு என்னுடையது" என்று சொல்லி மதிப்பெண் போட்டேன். 7.2 மீட்டருக்கு ஒரு முடிச்சாக அவனே 30 மீட்டர் கயிற்றில் போட்டான். கயிற்று நுனியைப் பிடித்து ஒருவர் நடக்க, 14 விநாடிக்கு முடிச்சுகளை எண்ணினோம். சாதாரண நடைக்கு இரண்டு முடிச்சு!

உங்கள் பள்ளியிலும் செய்து பாருங்கள். விடைத்தாளில் தெரியாத சொல் வந்தால், அடிப்பதற்கு முன் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.